கிராணி பார்க்காத பட்டை

சிரம்பான் லோபாக்கில் சனிக்கிழமை தோறும் ரோபோ கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். காலையில் பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி நான்தான். பேப்பர் சும்மா கையில் இருக்கும். பார்ப்பதெல்லாம் உங்களைத்தான். செனவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் 26 வருடம் ஈயம் வைத்தவள் நான். எங்கே சர்க்கியூட் போர்டு இருந்தாலும் கண் தானாக அங்கே போய்விடும்.

போன மாதம் பெற்றோர் முன்னால் உங்கள் ஆறுகால் ரோபோவை நடக்கவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். மண்டபத்து டைல்ஸ் தரையில் அது ராஜநடை போட்டது. எல்லாரும் கைதட்டினோம். யாரோ ஒரு அப்பா, "வெளியே புல்லில் விடுங்க பார்ப்போம்" என்றார். அங்கே வந்தது வினை. வாசல் மரத்து வேர் ஒன்று தரைக்கு மேலே பாம்பு மாதிரி ஓடுகிறதல்லவா, இடது நடுக்கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. மற்ற ஐந்து காலுக்கும் சேதி போகவில்லை. அவை பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போயின. மாட்டிய காலின் செர்வோ மோட்டார் முனகியது. முட்டிக்கொண்டு நிற்கும் செர்வோ கன்னாபின்னா என்று கரண்டு இழுக்கும். பேட்டரி அழுத்தம் சரிந்தது. நடுவிலிருந்த ஒரே போர்டு அணைந்து, மறுபடி எழுந்தது. எழுந்ததும் என்ன செய்யும்? நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி 18 மூட்டுகளையும் ஒரே நேரத்தில் ஆரம்ப நிலைக்கு இழுத்தது. ரோபோ மல்லாந்தது. ஒரு பிள்ளை அழுதேவிட்டாள்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீங்கள் எடுத்த முடிவைப் பேரன் காட்டினான். பெரிய போர்டு வாங்குவது, தலையில் கேமரா வைப்பது, எல்லா மூட்டுக் கணக்கையும் அந்தப் போர்டே போடுவது. "அதுக்கு மூளை பத்தல" என்று ஒருவன் எழுதியிருந்தான். நீங்கள் அத்தனை பேரும் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரத் துரையின் 'பரேடு' நம் வாயில் அப்படி ஆனது. இருட்டில் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிடுவார். பேர், எந்த நிரை, அவ்வளவுதான். மழை தூறினால் வேலை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கூட்டம் கலைந்து இருட்டுக்குள் போய்விடும்.

மரத்தடியில் நடந்ததை அந்தக் கிராணி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அம்மா நெற்றி விளக்கைச் சாய்த்து, முந்தாநாள் வெட்டிய கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்து இடுப்புப் பையில் போடுவார். பிறகு கத்தி. ஆழ விட்டால் கட்டையில் பட்டுக் காயமாகும். அந்த இடத்துப் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. மேலோட்டமாக விட்டால் பால் இறங்காது, ஏனென்றால் பால்குழாய்கள் நெருங்கிக் கிடப்பது கட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான். காயத்துக்கும் வெறும் பட்டைக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அம்மா அதைக் கண்ணால் அளக்கவில்லை. கத்தி இழுபடும் சத்தம் மாறும்போது மணிக்கட்டு தானாக மேலே வந்துவிடும். அடுத்த மரத்துப் பட்டை வேறு மாதிரி இருக்கும், மணிக்கட்டும் வேறு மாதிரி போகும். நூற்றுக்கணக்கான மரம், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணி, ஒவ்வொரு மரத்துக்கும் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கத்திச் சொல்லி, அதைக் கேட்டுத்தான் அம்மா வெட்ட வேண்டும் என்றால்? உங்கள் ரோபோவில் நடப்பது அதுதான். நீங்கள் இப்போது வாங்கப் போவது, இன்னும் பலமாகக் கத்தக்கூடிய ஒரு கிராணி.

பூச்சி எப்படி நடக்கிறது என்று நீங்களே ஒரு சனிக்கிழமை எழுதி ஒட்டினீர்கள்: ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும், எதிர்ப்பக்கத்து நடுக்காலும் சேர்ந்து தூக்கும்; மற்ற மூன்றும் தாங்கும். முக்காலி மாதிரி. சரி. அந்தத் தாளை அப்படியே போர்டுக்குள் ஏற்றிவிட்டீர்கள். அங்கேதான் இடறியது. முக்காலி நடை கரப்பான் தலைக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள்.

1957இல் ஹியூஸ் என்ற ஆய்வாளர் கரப்பானின் நடுக்கால் இரண்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தார். எனக்கும் கேட்கும்போது மனசு சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேளுங்கள். பழைய கணக்குப்படியே நடந்தால் இடது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகத் தூக்கும், உடம்பு இடப்பக்கம் சரியும். அப்படி நடக்கவில்லை. இடது முன்னங்காலோடு வலது பின்னங்கால், வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால் என்று மாட்டைப் போல நாலுகால் நடைக்கு அது மாறிக்கொண்டது. புதுத் தாளை யாரும் ஏற்றவில்லை. கால்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன.

பேச அவற்றுக்கு இடம் இருக்கிறது. கரப்பானுக்குத் தலையில் மூளை இருக்கிறது, ஏறத்தாழ 10 லட்சம் நரம்பணு. அதற்குக் கீழே, நெஞ்சில் ஒரு ஜோடிக் காலுக்கு ஒன்று என்று மூன்று நரம்பு முடிச்சு. வயிற்றில் இன்னும் ஆறு. நடையின் தாளம் அந்த நெஞ்சு முடிச்சுகளில் பிறக்கிறது. சமையல்கட்டில் தலை போன கரப்பான் நாள்கணக்கில் கால் அசைத்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மூச்சு விடுவது உடம்பின் ஓரத் துளைகளால். தலை போனால் மூச்சு நிற்காது. 1962இல் ஹாரிட்ஜ் என்பவர் இதையும் தாண்டிப் போனார். தலையில்லாத கரப்பானின் காலை உப்புத்தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். கால் தண்ணீரைத் தொட்டால் சின்ன மின்னதிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் தூக்கியே நிற்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் இன்னொரு கரப்பான்; முதலாவதுக்கு அதிர்ச்சி கிடைக்கும்போதெல்லாம், கால் எங்கே இருந்தாலும் இதற்கும் கிடைக்கும். இது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. சோதனை என்றால் இப்படி ஒரு ஜோடி வைத்துத்தான் செய்ய வேண்டும். நீங்கள் ஒரே ரோபோவை ஒரே தரையில் விட்டுவிட்டு "வேலை செய்யுது" என்று சொல்கிறீர்களே, அதற்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏன் இப்படி, எல்லாம் தலையிலேயே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நேரம் இல்லை, அதுதான். அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், நம் சாக்கடையில் இருப்பதும் அதுதான். அது வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் என்று 1991இல் ராபர்ட் ஃபுல்லும் டூவும் அளந்தார்கள். தன் உடம்பு நீளத்தைப் போல 50 மடங்கு, ஒரே வினாடியில். அந்த வேகத்தில் ஒரு கால் வினாடிக்கு 20 தடவைக்கு மேல் தரையைத் தொட்டு எழும். ஒரு எட்டுக்கு 50 மில்லி வினாடிகூட இல்லை. தரையில் என்ன பட்டது என்று தலைக்குச் சொல்லி, தலை யோசித்து, பதில் திரும்பி வருவதற்குள் கால் அடுத்த எட்டுக்குப் போயிருக்கும்.

நீங்கள் இப்போது செய்யத் துணிந்ததை அமெரிக்காவில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1966 முதல் 1972 வரை கலிஃபோர்னியாவில் ஷேக்கி என்று ஒரு ரோபோவைக் கட்டினார்கள். கேமராவால் பார்த்து, உலகத்தை வரைபடமாக்கி, திட்டம் போட்டு, பிறகு நகரும். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அறையில் நாலு பெட்டியைத் தள்ள அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நம் வீட்டுக் கரப்பான் லோபாக்கிலிருந்து சிரம்பான் பஸ் நிலையம் போய்த் திரும்பிவிடும். ரோட்னி புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலியர் இந்த வழியை வெறுத்தார். அவருக்கு மாற்று யோசனை வந்த இடம் நம் பக்கத்து ஊர்: தாய்லாந்தில் மனைவி வீட்டாரோடு, ஆற்றின் மேல் கம்பங்களில் நிற்கும் ஒரு வீட்டில் தங்கியிருந்த நாட்களில். அங்கே யாருக்கும் ஆங்கிலம் வராது, அவருக்குத் தாய்லாந்து மொழி வராது. பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்து யோசித்தார். மாப்பிள்ளையைப் பேசவிடாமல் உட்கார வைப்பதில் இப்படி ஒரு நன்மையும் உண்டு போல.

1989இல் அவரும் எம்.ஐ.டி. மாணவர்களும் கெங்கிஸ் என்ற ஆறுகால் பொறியை நடக்கவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோ எடை, காலுக்கு இரண்டு என்று 12 மோட்டார், நான்கு சிறிய கணிப்பொறிச் சில்லுகள். உள்ளே 57 குட்டி நிரல்கள். 'காலைத் தூக்கியிருந்தால் முன்னே வீசு', 'முன்னே இருந்தால் கீழே வை' என்ற அளவில்தான் ஒவ்வொன்றும். எந்தக் கால் எப்போது தூக்கலாம் என்று முறை சொல்ல ஒன்று இருந்தது. நடை என்பது முழுசாக எழுதப்பட்ட இடம் எங்குமே கிடையாது. அது புத்தகங்கள் மேல் ஏறி இறங்கியது. அடுத்த வருடம் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பெனியிலிருந்துதான், 2002இல், நம் வீடுகளில் சோபாவுக்கு அடியில் முட்டி முட்டித் திரும்பும் ரூம்பா வந்தது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது கெங்கிஸ் இல்லை, குச்சிப்பூச்சி. அதில் நம்மூர் வாடை இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நூறு வருடத்துக்கு மேலாக வளர்க்கும் குச்சிப்பூச்சிக்கு மூலம் தமிழ்நாடு. கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர்ப் பக்கத்திலிருந்து போனது, 1901இல் அறிவியல் பெயர் பெற்றது. ஆண் இல்லாமலே பெண் முட்டையிட்டுப் பெருகும் இனம், அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக ஓடிவிட்டது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய அதே காலத்தில் அதுவும் கப்பலேறியது என்று நினைத்துக்கொள்வேன்.

அது மெதுவாக நடக்கும் பூச்சி. ஒவ்வொரு காலையும் தடவித் தடவி வைக்கும். 1995இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியது: ஒரு காலுக்கு ஒரு தாளக்காரர் என்றுகூட இல்லை, காலின் ஒவ்வொரு முக்கிய மூட்டுக்கும் தனித்தனியே தாளம் உண்டு. காலின் ஓட்டில் நுண்ணிய உணரிகள் பதிந்திருக்கின்றன. பாரம் ஏறும்போது ஓடு வளைவதை அவை சொல்லும். வீசும் கால் எதிலாவது முட்டினால் பின்னுக்கு இழுத்து, இன்னும் உயரத் தூக்கி மறுபடி வீசும். தரை கிடைக்கவில்லை என்றால் இருட்டில் செருப்பு தேடும் கால் மாதிரி வட்டமிட்டுத் தேடும். உங்கள் ரோபோ அந்த வேரில் செய்திருக்க வேண்டியது இதுதான், இதற்கு மூளை வேண்டியதில்லை. பாதத்தில் ஒரு சுவிட்ச் போதும்.

பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹோல்க் குரூஸ் என்பவர் வருடக்கணக்கில் இந்தப் பூச்சியை நடக்கவிட்டுப் பார்த்து, பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன என்று சில விதிகளாக எழுதினார். 1990இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். உங்களுக்கு அதில் மூன்று போதும். பின்னங்கால் காற்றில் இருக்கும்வரை முன்னாலுள்ள கால் எழும்பாது. பின்னங்கால் தரையில் ஊன்றியதும் "நான் தாங்குறேன், நீ போ" என்று முன்னாலிருப்பதை உந்தும். பின்னங்கால் போய் இறங்கும் இடம், முன்னாலுள்ள கால் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்குப் பக்கம். அங்கே தரை உறுதி என்பது தெரிந்த விஷயம். இவ்வளவுதான். இதை ஆறு காலுக்கும் போட்டுவிட்டால், வேகமாகத் தள்ளும்போது முக்காலி நடை தானாக வருகிறது, மெதுவாகத் தள்ளும்போது அலை போல ஒவ்வொன்றாகத் தூக்கும் நடை வருகிறது. அதே ஊரில் ஹெக்டர் என்ற 18 மூட்டு ரோபோவைப் பிறகு இந்த வழியில் கட்டினார்கள். உங்களுடையதும் 18 மூட்டுதான், பிள்ளைகளே.

இங்கே என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒருவரையும் கூண்டில் ஏற்றிவிடுகிறேன். மறைத்தால் உங்களில் யாராவது தேடிக் கண்டுபிடித்து என் மூக்கை உடைப்பீர்கள். 2001 வாக்கில் அமெரிக்காவில் ரெக்ஸ் என்ற ஆறுகால் ரோபோ வந்தது. காலுக்கு ஒரே ஒரு மோட்டார். தொடக்கத்தில் எல்லாக் காலையும் ஓட்டியது ஒரே கடிகாரம், உங்கள் போர்டு மாதிரியேதான். ஆனாலும் அது கல்லும் குழியும் நிறைந்த தரையில் ஓடியது. எப்படி? கால்கள் அரைவட்டமாக வளைந்த, வில் மாதிரித் துள்ளும் பட்டைகள். தடுக்கினால் வளைந்து கொடுத்துவிடும். கரப்பானிலும் இது உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது நரம்பு முடிச்சுக்கே நேரம் போதாது. காலின் துள்ளல்தான் காப்பாற்றுகிறது. 2002இல் ஜிண்ட்ரிச்சும் ஃபுல்லும் ஓடும் கரப்பானின் முதுகில் ஒரு குட்டிப் பீரங்கியைக் கட்டிப் பக்கவாட்டில் வெடிக்கவிட்டார்கள், பொய்யில்லை. கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அது சரிவிலிருந்து நிமிரத் தொடங்கிவிட்டது. ஆகவே ஒரே போர்டில்தான் எல்லாம் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், அந்த விறைத்த அலுமினியக் காலையாவது மாற்றுங்கள்.

அப்படியானால் தலை எதற்கு? இதற்குப் பதில் சொல்ல ஒரு குளவி இருக்கிறது. பச்சை நகை போல மின்னும். நம் வட்டாரத்திலும் உள்ள இனம். அது கரப்பானைப் பிடித்து முதலில் நெஞ்சில் கொட்டும், முன்னங்கால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். அடுத்த கொட்டு தலைக்குள், மிகத் துல்லியமாக மூளையிலும் அதன் அடிமுடிச்சிலும். அதன் பிறகு கரப்பானின் ஆறு காலும் நன்றாகவே இருக்கும். நிற்கும், புரட்டிப் போட்டால் நிமிரும். ஆனால் தானாக ஓர் எட்டு எடுத்து வைக்காது. குளவி அதன் மீசையைப் பிடித்து இழுத்தால், கயிறு கட்டிய ஆடு போலப் பின்னாலேயே நடந்து குழிக்குள் போகும், குளவிக்குஞ்சுக்கு இரையாக. இஸ்ரேலில் லிபர்சாட் என்பவரின் குழு இதைப் பல வருடம் ஆராய்ந்தது. நடக்கும் வித்தை காலில் இருக்கிறது. புறப்படும் எண்ணம் தலையில். கொட்டு அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துவிடுகிறது.

சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் ஹிரோதாக்கா சாத்தோ குழுவினர் இதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். மடகாஸ்கர் கரப்பான் முதுகில் கேமராவும் மின்சுற்றும் உள்ள ஒரு மூட்டையை ஏற்றி, இடம் வலம் என்று மட்டும் மின்தூண்டல் கொடுக்கிறார்கள். 2025 மார்ச்சில் மியன்மாரில் நிலநடுக்கம் வந்தபோது, சிங்கப்பூர் மீட்புக் குழுவோடு இப்படிப்பட்ட 10 கரப்பான்கள் நேப்பிடோவின் இடிபாடுகளுக்குப் போயின. எந்தக் காலை எங்கே வைப்பது என்று அந்தப் பொறியாளர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கிராணி பேரும் நிரையும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் தலை சில நேரம் தரைவரை இறங்கி வரும், அதையும் சொல்ல வேண்டும். ஏணிப்படி போன்ற கம்பிகளில் நடக்கும் வெட்டுக்கிளி முன்னங்காலைக் கண்ணால் குறிபார்த்து வைக்கிறது என்று 2010இல் காட்டியிருக்கிறார்கள். எதிரே ஒரு திண்டு வந்தால் அதன் மேல் ஏறுவதா, அடியில் நுழைவதா என்று கரப்பான் மீசையால் தட்டிப் பார்த்துத் தீர்மானிக்கும். கிளீவ்லண்டில் ராய் ரிட்ஸ்மன் குழு இதைத் தொடர்ந்து படித்தது. ஆகவே உங்கள் கேமராவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேரைப் பார்த்து "மெதுவாப் போ, கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லட்டும். மூட்டுக்கு எத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

தோட்டத்தைப் பூச்சி உடம்போடு ஒப்பிட்டுவிட்டேன், ஆனால் ஓர் இடத்தில் ஒட்டவில்லை. பூச்சியில் காலிலிருந்து தலைக்கும் நரம்பு போகிறது. பாரம் ஏறியது, வழுக்கியது, முட்டியது எல்லாம் மேலே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் தலை வேகத்தைக் கூட்டவோ திரும்பவோ சொல்கிறது. எங்கள் பெரட்டில் சேதி கீழே மட்டும்தான் வந்தது. எந்த மரம் நொந்து போயிருக்கிறது, எதற்கு ஓய்வு கொடுத்தால் தேறும் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆபீசில் யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் பால் எடை மட்டும் எழுதிக்கொண்டார்கள். பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், அம்மாவின் மணிக்கட்டில் இருந்த அத்தனை வருடப் படிப்புக்கும் ஒரு நாளில் வேலை இல்லாமல் போனது. நாங்கள் லோபாக் வந்தது அப்படித்தான்.

தொழிற்சாலையிலும் கண்டிருக்கிறேன். ஒருநாள் ஈயம் சரியாக உருகவில்லை. புள்ளி மங்கலாக, சாம்பல் நிறமாக நின்றது. பக்கத்தில் இருந்தவளும் நானும் முதல் பத்துப் போர்டிலேயே பார்த்துவிட்டோம். லைனை நிறுத்தும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. மேற்பார்வையாளர் கூட்டத்தில் இருந்தார். அவர் வரும்வரை கன்வேயர் ஓடியது, நாங்களும் கெட்டுப்போன போர்டுகளுக்கு ஒழுங்காக ஈயம் வைத்துக்கொண்டே இருந்தோம். உங்கள் ரோபோவின் ஐந்து கால்கள் எண்ணிக்கொண்டே போனபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மத்தியானம்தான்.

அதனால் வயர் போடும்போது இரண்டு திசைக்கும் போடுங்கள். என் யோசனை இது. பயிற்சி கொடுக்கும் தம்பி வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள். பெரிய போர்டு வாங்கும் காசில் ஆறு குட்டி அர்டுயினோ நானோ வாங்கலாம். காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், அப்போது ஒரு கால் கரண்டைக் குடித்தாலும் மற்ற ஐந்தும் தூங்கிவிடாது. பாதத்தில் சுவிட்ச். செர்வோ இழுக்கும் கரண்டை அளக்கச் சின்ன ரெசிஸ்டர் ஒன்று, அதுதான் உங்கள் பார உணரி. பக்கத்துக் காலுக்கு மட்டும் வயர், குரூஸின் மூன்று விதி பேச. தலைப் போர்டுக்கு எல்லாக் காலிலிருந்தும் ஒரு வயர்: "ஊன்றிட்டேன்", "மாட்டிக்கிட்டேன்". தலையிலிருந்து கீழே வருவது வேகமும் திசையும் மட்டும்.

இதில் கஷ்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஒரே போர்டு என்றால் தப்பு எங்கே என்று ஒரே இடத்தில் தேடலாம். ஆறு போர்டு என்றால் தப்பு இரண்டாவதிலா, மூன்றாவதிலா, இரண்டுக்கும் நடுவில் போகும் பேச்சிலா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கால் "நீ முதல்ல போ, நீ முதல்ல போ" என்று கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்கும் சம்பந்திகள் மாதிரி நின்றுவிடும். அதற்காக நேர வரம்பு ஒன்று வையுங்கள். போர்டுக்கு ஒரு நிற விளக்கு வையுங்கள், எது என்ன நிலையில் இருக்கிறது என்று பின்வரிசையிலிருந்தே எனக்குத் தெரியும். ஈயம் வைக்கும் வேலையை என்னிடம் கொடுங்கள், கண்ணாடி போட்டால் கை இன்னும் நடுங்குவதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நடந்ததும் முதல் வேலையாக நடுக்கால் இரண்டின் வயரையும் கழற்றிவிட்டு, வாசலில் அதே வேர்ப்பக்கம் விடுங்கள். 1957இல் கரப்பான் செய்ததை அது செய்கிறதா என்று பார்ப்போம். கவிழ்ந்தால் புல்லில் ஸ்க்ரூ சிதறும். பொறுக்கக் காந்தம் ஒன்று கைப்பையில் வைத்திருக்கிறேன். பசியாற இட்லியும் கொண்டு வருகிறேன், 12 பேருக்குக் கணக்கு வைத்து. அழுத பிள்ளைக்குச் சட்னி காரம் ஆகாது என்று பேரன் சொன்னான், அவளுக்குத் தனியாகச் சர்க்கரை.

அன்புடன்,
பின்வரிசை நாற்காலிப் பாட்டி
லோபாக், சிரம்பான்